திரி எரிகிற பக்கம்

மென்பொருளைவிட, அதை இறக்கிக்கொள்கிற பக்கத்தின் மேல்தான் எனக்குப் பித்து. மென்பொருள் என் தோழி எழுதியது. பட்டாசுக் கடைக்காரர்கள் சரக்கு இருப்பையும் பில்லையும் தங்கள் போனிலேயே பார்த்துக்கொள்ளலாம். "ஆளுக பாக்குற மூஞ்சிய நீ பாத்துக்க" என்று இணையப் பக்கத்தை என்னிடம் விட்டுவிட்டாள். தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம், இந்தி, ஆங்கிலம் என்று ஆறு மொழிகள். ஒரு மொழியைத் தொட்டால் பக்கம் முழுக்க அந்த மொழிக்கு மாறும். பிறகு ஒரு பொத்தான். அதை அழுத்தினால் கோப்பு இறங்கும். இறங்கி முடிந்ததும் இன்னொரு பொத்தான் வரும். அதையும் தொட்டால்தான் மென்பொருள் போனில் உட்காரும். வேறொன்றும் இல்லை. இந்த இரண்டு பொத்தானுக்கு நான் எடுத்துக்கொண்ட காலத்தில் ஒரு வீட்டைக் கட்டி வெள்ளையும் அடித்திருக்கலாம் என்பார் அப்பா.

அப்பாவுக்கு விருதுநகரில் மிளகாய் வத்தல் வியாபாரம். சாக்கைப் பிரித்து ஒரு கை அள்ளிப் பார்த்தே முடிவு சொல்கிற ஆள். நான் ஒரு பொத்தானின் பச்சையை மாற்றி மாற்றிப் பார்ப்பது அவருக்குப் பொறுக்காது. "இதுக்குத்தானா பெங்களூரு வேலைய விட்டுட்டு வந்து உக்காந்திருக்க?" என்பார். நான் விடவில்லை. சம்பளமில்லாத விடுப்பில்தான் வந்திருந்தேன். அந்த விடுப்பும் தீர்ந்துகொண்டிருந்தது. செவ்வாய்க்கிழமை சாயங்காலத்துக்குள் வருகிறேனா இல்லையா என்று சொல்லிவிட வேண்டும் என்று பெங்களூரிலிருந்து கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்.

அதே செவ்வாய்க்கிழமை காலையில்தான் எங்களுக்குப் பரீட்சையும். சிவகாசியில் ஒரு பட்டாசுக் கம்பெனி முதலாளி, எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி, எங்களுக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்திருந்தார். அன்றைக்கு வெளிமாநில வியாபாரிகள் சீசன் ஆர்டர் போட அவருடைய ஆபீசுக்கு வருவார்கள். "அவுக போன்ல அவுகளே ஏத்திக்கிறணும். நீங்க பக்கத்துல நின்னு சொல்லிக் குடுக்கக் கூடாது. ஏத்திட்டாகன்னா என் டீலர் அம்புட்டுப் பேருக்கும் நானே லிங்க் அனுப்புறேன். இல்லையா, என்னய விட்ருங்க" என்றார். அவர் அனுப்பினால் நாங்கள் பிழைத்துக்கொள்வோம். அனுப்பாவிட்டால் நான் பெட்டியைக் கட்டுவேன், தோழி தனியாக நிற்பாள். இதில் ஒளிவு மறைவு எதுவும் இல்லை.

எனக்குப் பயமே இல்லை. ஏனென்றால் என்னிடம் திரி இருந்தது. கோப்பு இறங்கும்போது எல்லாப் பக்கங்களிலும் ஒரு கோடு ஊர்ந்து போகும், பார்த்திருப்பீர்கள். எங்கள் பக்கத்தில் கோட்டுக்குப் பதிலாகப் பட்டாசுத் திரி. பொத்தானை அழுத்தியதும் இடது முனையில் பற்றிக்கொள்ளும். பொறி சிதறச் சிதற, 'உஸ்ஸ்' என்று சத்தம் போட்டுக்கொண்டே வலது முனைக்கு ஓடும். முதல் தடவை அது ஒழுங்காக ஓடியபோது அறைக் கதவைச் சாத்திவிட்டு ஒரு ஆட்டம் போட்டேன். பட்டாசுக் கடைக்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும்? என் அறிவை நானே மெச்சிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை தோழி வீட்டில் சோதனை. அவள் ஊர் சிவகாசிப் பக்கத்து எம். புதுப்பட்டி. அவளுடைய அம்மா பட்டாசுக் கம்பெனியில் பெட்டிக்கு லேபிள் ஒட்டுகிறவர். அவரோடு ஒரே வண்டியில் வேலைக்குப் போகிற அக்காமார்களையும் கூப்பிட்டிருந்தாள். லீவு நாள் என்பதால் தலைக்குக் குளித்து, ஈரக் கூந்தலை முடிந்துகொண்டு, ஆளுக்கொரு போனோடு வந்து உட்கார்ந்தார்கள். நான் யாருக்கும் எதுவும் சொல்லிக்கொடுக்க மாட்டேன், அவர்களாகவே செய்ய வேண்டும் என்றேன். "பரீச்சைக்கா கூட்டியாந்துருக்கீக? சொல்லியிருந்தா படிச்சிட்டு வந்திருப்பம்ல" என்றார் எதிர்வீட்டு அக்கா.

தோழியின் அம்மா முதல் காரியமாகத் தெலுங்கைத் தொட்டார். பக்கம் முழுக்கத் தெலுங்காகிவிட்டது. அவருக்கு அதில் ஒரு எழுத்து தெரியாது.

"ஏம்மா, ஒனக்குத் தெலுங்கு படிக்கத் தெரியாதுல்ல?" என்றாள் தோழி.

"வீட்ல பேசுறது தெலுங்குதான? அப்ப அதத்தான தொடணும்?"

மறுக்க முடியவில்லை. அந்த வீட்டில் பேச்சு தெலுங்கு, படிப்பு தமிழ். இந்தப் பக்கத்து ஊர்களில் எத்தனையோ வீடுகளில் அப்படித்தான். மொழி மாற்றும் இடத்தை நான் ஒரு மூலையில் சின்னதாக ஒளித்து வைத்திருந்தேன். அதை எப்போதும் கண்ணில் படுகிற மாதிரி மேலே கொண்டுவர வேண்டும் என்று குறித்துக்கொண்டேன். எதிர்வீட்டு அக்கா இந்தியைத் தொட்டிருந்தார். ஏன் என்று கேட்டேன். "வடக்க போற லோடுல இந்த எழுத்துத்தான் இருக்கும் பாப்பா. அதுதான் பெரிய லோடு" என்றார். மொழியை லோடு வைத்துத் தேர்ந்தெடுக்கிற ஊர் உலகத்தில் இன்னொன்று இருக்குமா என்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எல்லோரையும் தமிழுக்குத் திருப்பி, "ம், அழுத்துங்க" என்றேன்.

அழுத்தினார்கள். திரி பற்றியது. 'உஸ்ஸ்.'

தோழியின் அம்மா குனிந்து போனைத் தரையில் வைத்தார். நிமிர்ந்தார். அப்படியே பின்னால் நடந்து சுவரோரம் போய் நின்றுகொண்டார். எதிர்வீட்டு அக்கா போனை வைத்துவிட்டு, பக்கத்தில் இருந்தவரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஒதுங்கினார். இன்னொருவர் காதைப் பொத்திக்கொண்டார். நான் என்ன ஏது என்று புரிந்துகொள்வதற்குள் கூடத்தின் நடுவில் போன்கள் மல்லாக்கக் கிடந்து உஸ் உஸ் என்றுகொண்டிருந்தன. பெண்கள் அத்தனை பேரும் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றார்கள். போன்களுக்கு நடுவில் நானும் தோழியும் மட்டும்.

திரி எரிந்து முடிந்தது. ஒவ்வொரு போனிலும் நான் அரும்பாடுபட்டுத் தேர்ந்தெடுத்த பச்சைப் பொத்தான் வந்து, இங்கே தொடவும் என்று மின்னியது. யாரும் அசையவில்லை.

"முடிஞ்சிருச்சு. வந்து தொடுங்க" என்றேன்.

"தொடவா?" தோழியின் அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "திரி முழுக்க எரிஞ்சிருச்சு, வெடிக்கல. அதப் போயித் தொடச் சொல்லுறீகளே! எங்க ஊர்ல பச்சப் புள்ள கூடத் தொடாது."

பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஒருவர் சிரிக்க, அடுத்தவர் சிரிக்க, அந்தக் கூடமே குலுங்கியது. "போனுன்னு எனக்குத் தெரியுது. கைக்குத் தெரியலையே!" என்று எதிர்வீட்டு அக்கா தன் கையைத் தானே அடித்துக்கொண்டார். அவர் கண்ணில் தண்ணீர்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என் திரியைப் பார்த்துச் சிரிக்கிறார்களே என்கிற கோபம். "இது வெறும் படம். ஒண்ணும் ஆகாது. இங்கன பாருங்க" என்று ஒரு போனை எடுத்து, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி உயர்த்திப் பிடித்து, பக்கத்தை மறுபடி திறந்து, இறக்கும் பொத்தானை அழுத்தினேன். திரி பற்றியது. பொறி என் கட்டைவிரலை நோக்கி ஓடி வந்தது. வீறாப்பாகப் பிடித்துக்கொண்டேன். அதற்குமேல் என்ன நடந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியாது. போன் தரையில் இருந்தது. நான் தோழியின் அம்மாவுக்குப் பின்னால் இருந்தேன்.

அதற்குப் பிறகு அங்கே பரீட்சை நடக்கவில்லை. சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு நானும் தரையில் உட்கார்ந்துவிட்டேன். தோழிக்கு விக்கல் எடுத்துவிட்டது. யாரோ போய்த் தண்ணீர் கொண்டுவந்தார்கள்.

ஆனாலும் திரியை விட எனக்கு மனம் வரவில்லை. "அம்மாவும் அக்காமாரும் வருசம் பூரா வெடிமருந்துக்கு நடுவுல இருக்காக. நீயும் நானும் இங்கனயே பெறந்தவங்க. கடைக்காரங்க வெளியூர்க்காரங்கதான? அவங்க தொடுவாங்க" என்று தோழியும் எனக்குப் பரிந்து பேசினாள். பார்த்துவிடலாம் என்று மத்தியானமே பஸ் ஏறிச் சிவகாசிக்குப் போனோம். அங்கே ஒரு லாட்ஜில் ஆந்திராவிலிருந்து வந்த பட்டாசு வியாபாரி ஒருவர், முன்வாசல் மேஜையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தோழி தன் வீட்டுத் தெலுங்கில் அவரிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் பேசுகிற தெலுங்குக்கும் அவள் தெலுங்குக்கும் எங்கோ தூரத்துச் சொந்தம் போல. ஆனாலும் முகம் மலர்ந்து, அவள் போனை வாங்கிக்கொண்டார். தெலுங்கைத் தொட்டார், படித்தார், தலையை ஆட்டினார். பொத்தானை அழுத்தினார்.

திரி பற்றியதும் போனை மேஜையில் வைத்தார். நாற்காலியைப் பின்னால் தள்ளினார். சற்று யோசித்து, பக்கத்தில் கிடந்த செய்தித்தாளையும் இழுத்துத் தூரமாக வைத்தார். திரி முடிந்தது, பொத்தான் வந்தது. அவர் அதைத் தொடாமல் தண்ணீர் பாட்டிலை எடுத்து மூடியைத் திருகினார். வெடிக்காத வெடிக்கு எந்த ஊரிலும் அதுதானே வைத்தியம்! தோழி தெலுங்கா தமிழா என்று தெரியாத ஒரு பாஷையில் அலறிக்கொண்டு பாய்ந்து போனைக் காப்பாற்றினாள். அவர் விளையாட்டுக்குச் செய்தாரா நிஜமாகத்தான் ஊற்றப் பார்த்தாரா என்று இன்றைக்கும் எங்களுக்குள் சண்டை.

திரும்பி வரும் பஸ்ஸில் அதை நினைத்து நினைத்துச் சிரித்தோம். கண்டக்டர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார். சிரிப்பு அடங்கியதும் தோழி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "நீ போயிட்டா நா என்ன செய்வேன்?" என்றாள். போக எனக்கும் விருப்பமில்லை என்பது அந்த பஸ்ஸில், வேர்வை நாற்றத்துக்கும் பூ வாசத்துக்கும் நடுவில்தான், எனக்கே சந்தேகமில்லாமல் தெரிந்தது. ஆறு மொழியில் ஒரு பக்கம் செய்து, எந்த மொழிக்காரரும் தொட முடியாதபடி ஆக்கி வைத்திருந்தேன்.

"பேசாம எல்லாரும் வைக்கிற மாதிரி ஒரு கோட்டப் போட்டுரு" என்றாள்.

"கோடா? நானா?" என்றேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

பிடிவாதம்தான். ஆனால் அதில் ஒரு காரியமும் இருந்தது. கன்னடத்திலும் மலையாளத்திலும் வாசகம் நீளமாகி, அந்தப் பச்சைப் பொத்தானை விட்டு வெளியே பிதுங்கிக்கொண்டிருந்தது. எனக்கு அகலமான ஒரு இடம் வேண்டும். அகலமாக, எந்த மொழி எழுத்தும் உட்காருகிற மாதிரி, பட்டாசுக்காரர்கள் பார்த்தாலும் பயப்படாத மாதிரி. யோசித்துக்கொண்டே தோழி வீட்டுக்குள் நுழைந்தபோது, அவள் அம்மா மளிகைச் சாமான் போட்டு வைத்திருந்த பழைய பட்டாசுப் பெட்டிதான் கண்ணில் பட்டது. பெட்டி மேல் பெரிதாக ஒரு லேபிள். இந்தியில்.

திங்கட்கிழமை முழுக்க அதைத்தான் செய்தேன். பொத்தானை அழுத்தினால் ஒரு காலிப் பெட்டி வரும். கோப்பு இறங்க இறங்கப் பெட்டிக்குள் பட்டாசு அடுக்கப்படும். நிறைந்ததும் மூடி விழும். மூடி மேல் ஒரு லேபிள் வந்து உட்காரும். தொடவும் என்பதை அந்தந்த மொழியில் அந்த லேபிள் சொல்லும். எல்லாம் சரியாக வந்தது. லேபிள் மட்டும் கோணலாக விழுந்தது. எங்கே தப்பு என்று தேடத் தேட இன்னும் கொஞ்சம் கோணியது. அதற்குள் சாயங்காலமாகி, கம்பெனி வண்டி வருகிற நேரமாகிவிட்டது. கோணலோடேயே தூக்கிக்கொண்டு ஓடினோம்.

வண்டியிலிருந்து அக்காமார் இறங்கினார்கள். எங்களைப் பார்த்ததுமே, "ஐயோ, வெடிகுண்டுப் பாப்பா வந்துருச்சு" என்று சத்தம். களைத்துப் போய் வருகிறவர்களை நிறுத்துவது எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் அவர்களுக்குச் சங்கடம் இல்லை. அடுத்து என்ன கூத்தோ என்று அவர்களாகவே சுற்றி நின்றுகொண்டார்கள். தோழியின் அம்மா விரலில் காய்ந்திருந்த பசையைச் சேலையில் தேய்த்துவிட்டுப் போனை வாங்கினார்.

அழுத்தினார். பெட்டி வந்தது. அவர் போனைக் கீழே வைக்கவில்லை. நான் மூச்சு விட்டேன். பட்டாசு நிறைந்தது, மூடி விழுந்தது, லேபிள் வந்து கோணலாக உட்கார்ந்தது. "அம்மா, அது கொஞ்சம் கோணலா இருக்கு, நாளைக்குள்ள..." என்று நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவருடைய கட்டைவிரல் லேபிள் மேல் விழுந்து, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை அழுத்தித் தேய்த்துவிட்டுப் போயிருந்தது. மென்பொருள் போனில் ஏறியது.

"கோணலா இருந்தா பெட்டி திரும்பி வந்துரும்ல" என்றார். தான் எதையோ சாதித்துவிட்டோம் என்பதே அவருக்குத் தெரியாது.

எதிர்வீட்டு அக்காவும் அப்படியே தேய்த்தார். அவருக்கு அடுத்தவரும். ஒருவர் கூட லேபிளில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கவில்லை. வேண்டுமென்றே மலையாளத்தில் மாற்றிக் கொடுத்துப் பார்த்தேன். அதையும் தேய்த்தார்கள். நான் நடுரோட்டில் குதித்தேன். வண்டிக்காரர் ஹாரன் அடித்து என்னை ஓரங்கட்டினார்.

"ராத்திரிக்குள்ள அந்த லேபிள நேராக்கிருறேன்" என்றேன் தோழியிடம்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏ புள்ள, நேராக்குன, கொன்னுருவேன்."

செவ்வாய்க்கிழமை காலை அண்ணாச்சியின் ஆபீசில் வியாபாரிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வந்ததிலிருந்து எனக்கு ஒரே கவலை. இவர்கள் யாரும் லேபிள் ஒட்டுகிறவர்கள் இல்லையே, இவர்கள் விரலுக்கு என்ன தெரியும்? அண்ணாச்சி எங்கள் இரண்டு பேரையும் சுவரோரம் நிறுத்திவிட்டார். வாயைத் திறக்கக் கூடாது.

எல்லோரும் அவரவர் மொழியைத் தொட்டார்கள். எல்லோர் போனிலும் பெட்டி நிறைந்தது. லேபிள் விழுந்தது.

லாட்ஜில் பார்த்த ஆந்திராக்காரர் எங்களைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு ஒரு தட்டுத் தட்டினார். ஏறியது. வடக்கிலிருந்து வந்த இந்திக்காரர் லேபிளின் மூலையை நகத்தால் சுரண்டினார். பழைய லேபிளுக்கு மேல் புதுசை ஒட்டி அனுப்புகிறோமா என்று பார்க்கிற ஆள் போல. சுரண்டினால் என்ன, தொட்டது தொட்டதுதான். ஏறியது. கன்னடக்காரர் அதை நேராக்கப் பார்த்தார். ஏறியது. இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த அண்ணாச்சிக்கே இருப்புக் கொள்ளவில்லை. "என்னத்துக்கு இம்புட்டுக் கோணலா இருக்கு?" என்று தன் போனில் இருந்த லேபிளை ஒரு தேய் தேய்த்தார். அவருக்கும் ஏறிவிட்டது.

மலையாளத்துக்காரர் மட்டும் தொடவில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். தோழி என் விரல்களை நசுக்கினாள். அண்ணாச்சி அவரைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். அந்த மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டினார். லேபிளில் இருந்த மலையாளத்தை முதலிலிருந்து கடைசி வரை, உதடு அசைய, நிதானமாகப் படித்தார். பிறகு, அது சொன்னபடியே தொட்டார்.

ஆறு மொழியில் நான் எழுதி வைத்த வாசகத்தைப் படித்துவிட்டுத் தொட்ட ஒரே மனிதர் அவர்தான். ஓடிப்போய் அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

"சரி, லிங்க்கக் குடுங்க. இன்னைக்கே எல்லாருக்கும் அனுப்பிருவோம்" என்றார் அண்ணாச்சி. அதைச் சொல்லிவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி ஆர்டர் பேசப் போய்விட்டார்.

நாங்கள் தெருவுக்கு வந்தோம். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாத முகத்தோடு தோழி அந்த ஆபீஸ் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் அவள் பக்கத்தில் நின்றுகொண்டு பெங்களூருக்குப் போன் போட்டேன். எடுத்தது ஒரு தமிழ்ப் பெண். நான் வரவில்லை என்றேன்.

"வேற கம்பெனியில சேர்றீங்களா மேடம்?"

"ஆமா."

"எந்தக் கம்பெனின்னு சொல்ல முடியுமா? பதியணும்."

அதுவரை நாங்கள் அதைக் கம்பெனி என்று சொன்னதே இல்லை. ஒருவருக்கொருவர் பேசும்போது கூட, 'நம்ம வேலை' என்றுதான் சொல்வோம். தோழி படியிலிருந்து நிமிர்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க கம்பெனி" என்றேன்.

அந்தப் பெண்ணுக்குச் சரியாகக் கேட்கவில்லை போல. மறுபடி கேட்டாள். ஒரு லோடு லாரி எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்கு மேல், "எங்க கம்பெனி! எங்க ரெண்டு பேரு கம்பெனி!" என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினேன்.

"சரிங்க மேடம்" என்றாள் அவள். "அப்ப உங்க இடத்த வேற ஆளுக்குக் குடுத்துரலாமா?"

"குடுங்க, தாராளமாக் குடுங்க" என்றேன்.